விரால் குட்டை வீடியோ

மணலூர்பேட்டை மெஹ்ராஜ் பேகத்தோட விரால் குட்டைக்கு மறுபடி வந்து நின்னான் தீவனக் கம்பெனி கோபிநாத். போன வாட்டி அவன் குடுத்த சோயா தீவனத்தத் தின்னு மீனெல்லாம் வயிறு வீங்கி செத்து மிதந்தப்ப, "உங்க தண்ணி சரியில்ல பாயம்மா"ன்னு பழியத் தூக்கி அவ மேலயே போட்டவன்தான்.

இப்ப வலையில துள்ளுன விராலப் பாத்து வாயப் பொளந்துட்டான்.

"இன்னா வளத்தி! எல்லாம் எங்க தீவனம்தான். வீடியோல சொல்லுங்க பாயம்மா, நாலு பேரு வாங்குவாங்க."

"மீந்த மூட்டையெல்லாம் காலி தம்பி. ஒரு குறை சொல்ல முடியாது. செல்போன இப்டி திருப்பு."

"அங்க பக்ரீத் கெடாதான நிக்கிது?"

"உன் தீவனத்தத் தின்னது அதுதான். அதே தண்ணியில மீனுக்கு நான் போட்டது கருவாட்டுத் தூளு. இப்ப எடு வீடியோவ!"