நாலு இன்ச்

வைத்தது மூன்று கல். காலையில் கதவைத் திறந்தால் வழி நடுவில் ஒன்றுதான் இருந்தது.

மற்ற இரண்டும் மதில் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நடுவில் தனியாக நின்றது சிவப்பு பேவர் பிளாக். நான் ஆசைப்பட்ட என் கல்.

"என்னங்க, ஓடி வாங்க" என்று கத்தினேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் சிவகுமார், திருடன்தான் வந்துவிட்டான் என்று பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

வெள்ளிக்கிழமை கார் வருகிறது. என் சம்பளத்தில், என் பெயரில், நான் ஓட்டப்போகிற கார். சேற்றில் இறக்கவா அதை வாங்கினேன்?

ஒரு மாதமாகச் செம்பாக்கத்தில் நான் நிமிர்ந்து நடக்கவே இல்லை. யார் வீட்டு வாசலைப் பார்த்தாலும் செருப்பால் தரையைத் தேய்த்துப் பார்க்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. கோவளத்துக்குப் போனபோதுகூடக் கடலைப் படம் எடுக்கவில்லை. ஒரு ஓட்டலின் கார் நிறுத்தும் இடத்தைத்தான் எடுத்துவந்தேன். "கீதா, உனக்கு முத்திப்போச்சு" என்றார் சிவகுமார்.

முத்தினால் முத்தட்டும். பளபளப்பான டைல் மழையில் வழுக்கும். கருங்கல் பலகை வெயிலில் காலைச் சுடும். பேவர் என்றால் இடுக்கு வழியாகத் தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும். ஏரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே சிக்கல், பக்கத்து வீட்டு ஜெயவேலு.

இந்த வழி இரண்டு வீட்டுக்கும் பொது. பத்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 2015 மழைக்கு முன்னால் அவர் தன் பக்கத்துப் பாதிக்கு மட்டும் சிமெண்ட் போட்டு நாலு இன்ச் உயர்த்திக்கொண்டார். அந்த டிசம்பரில் தண்ணீர் மொத்தமும் எங்கள் ஹாலுக்குள் வந்தது. கட்டில் மிதந்தது. சிவகுமார் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவரும் பதிலுக்குக் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. பத்து வருடமாகிறது.

அவரிடம் போய்க் கேளுங்கள் என்றால் சிவகுமார் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அதனால்தான் நேற்று சாயங்காலம் நானே மூன்று மாதிரிக் கல்லையும் வழியில் வைத்துவிட்டு வந்தேன். பிடித்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்காவிட்டால் தெருவில் வீசட்டும் என்று.

எடுத்துவிட்டார். அதுவும் என் கல்லையே தேர்ந்தெடுத்துவிட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"கல்லு புடிச்சிருக்கும். அந்த மேட்டை உடைக்க விடுவாரா?" என்றார் சிவகுமார், வாய் நிறைய நுரையோடு.

அதுதான் கேள்வி. மேடு இருக்கும்வரை எந்தக் கல்லைப் போட்டாலும் வீண். கார் சாய்ந்து நிற்கும். மழை வந்தால் மறுபடியும் எங்கள் ஹால்தான்.

இருந்தாலும் சூட்டோடு சூடாக மாரி மேஸ்திரிக்குப் போன் போட்டேன். பத்து மணிக்குப் பொத்தேரியிலிருந்து பைக்கில் வந்துவிட்டார். கையாள் வரவில்லை. தோளில் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப்.

"இத்த வெச்சிதான் மட்டம் பாக்கணும்க்கா. ரெண்டு பேரு புடிக்கணும். ஒருத்தரு இந்தப் படியாண்ட, ஒருத்தரு அந்தப் படியாண்ட."

ஒரு முனையைச் சிவகுமார் எங்கள் படியருகே, மாரி சுவரில் போட்ட கோட்டோரம் பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு நான் பக்கத்து வீட்டுப் படியை நோக்கி நடந்தேன். இங்கே உனக்கென்ன வேலை என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது.

கதவு திறந்தது. ஜெயவேலு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே இறங்கி வந்தார். என் கையிலிருந்து முனையை வாங்கித் தன் படியோரம் பிடித்தார்.

டியூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது.

"கோட்டுக்கு வந்துச்சா?" என்றார் மாரி.

இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் சொல்லாமல் இன்னொருவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேர் தலையிலும் நறுக்கென்று குட்டலாமா என்று வந்தது எனக்கு.

கடைசியில் சிவகுமார், தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "கொஞ்சம் தூக்கணும்."

ஜெயவேலு தூக்கினார். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"ம். போதும்."

பத்து வருடத்துக்குப் பிறகு இவ்வளவுதான். எனக்கு அதுவே தாங்கவில்லை. துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மாரி இரண்டு பக்கமும் அளந்தார். "இந்தாண்ட நாலு இன்ச் பள்ளமா கீது சார். அந்தாண்ட சிமெண்டு மேடா கீது. இன்னா பண்றது?"

சிவகுமார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என் பக்கத்து சிமெண்ட்ட ஒடச்சி எடுத்துடு" என்றார் ஜெயவேலு. "ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல வரட்டும். வாட்டம் தெருக் கால்வாய்க்குப் போடு. இனிமே தண்ணி அவன் வூட்டுக்குள்ள போவக் கூடாது."

டியூப் முனையை மாரியிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறி உள்ளே போய்விட்டார்.

மாரி டியூபைச் சுருட்டத் தொடங்கினார். "கேட்டதும் ஒடச்சிடுன்னு சொல்ட்டாரே. பக்கத்து வூட்டுக்காரரா சார்?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பத்து வருடமாக எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

"எங்க அண்ணன்" என்றார் சிவகுமார்.