ஒரு ஸ்டூல்கூட இல்லை

இருபத்து மூன்று விடைத்தாள்களையும் மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்துவிட்டு, தலைமைத் திருத்துநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இருபத்து மூன்றிலும் ஒரே இடத்தில் அவள் போட்ட சிவப்பு வட்டம்.

எதிரே டியூஷன்காரி நின்றாள். பெரியவர்களுக்கான இந்தித் தேர்வுக்குத் தன் வீட்டு முன்னறையில் ஆள் சேர்த்துப் பாடம் நடத்துகிறவள். பக்கத்திலேயே காலி நாற்காலி இருந்தது. திருத்துநர் அதைக் காட்டவில்லை.

"பார்த்து எழுத விட்டீங்களா, இல்ல நீங்களே ஹாலுக்குள்ள போய் சொல்லிக் குடுத்தீங்களா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு நேரமில்ல."

"ரெண்டும் இல்ல, மிஸ்."

"மேடம்னு சொல்லுங்க. நான் என்ன இங்க எல்.கே.ஜி.யா நடத்துறேன்?"

டியூஷன்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிறாள், எதையோ எதிர்பார்க்கிறவள்போல. திமிர் என்று திருத்துநருக்குத் தோன்றியது.

கேள்வி கூட்டுச்சொல் பற்றியது. 'ரசோயீகர்' என்பதைப் பிரித்து, வகையைச் சொல்லி, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ரசோயீ என்றால் சமையல், கர் என்றால் வீடு. இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது நடுவிலிருந்த 'கே லியே', அதாவது 'க்காக', சத்தமில்லாமல் மறைந்துபோகும். பிரிக்கும்போது அதைத் தேடிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இருபத்து மூன்று பேரும் சரியாக வைத்திருந்தார்கள். வில்லங்கம் அதற்கு அடுத்த வரியில்.

"நேத்து போன்ல சொன்னேனே, அந்த வாக்கியம். நீங்களே ஒரு தடவ படிங்க."

டியூஷன்காரி தாளைப் பார்க்காமலே இந்தியில் ஒப்பித்தாள். இந்தச் சமையலறையில் எனக்கென்று ஒரு ஸ்டூல்கூட இல்லை என்று அதற்கு அர்த்தம்.

"சமையலறைன்னா அம்மா சமைக்கிறாங்கன்னு எழுதலாம். சுத்தமா இருக்குன்னு எழுதலாம். உங்க பட்டியல்ல நர்ஸ் இருக்காங்க, பஸ் டிரைவர் இருக்காரு, ரிட்டயரான கிளார்க் இருக்காரு. இத்தனை பேர் வீட்டுலயும் ஸ்டூலுக்குப் பஞ்சமா? காதுல பூ சுத்தாதீங்க."

இரண்டு நாளாக அந்த வாக்கியம் அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. முதல் தாளில் படித்தபோதே காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. எவளோ ஒருத்தியின் புலம்பல். திருத்துநருக்குப் புலம்பல் ஆகாது.

அவள் வீட்டுச் சமையலறையில் அவளுக்கென்று கைவைத்த நாற்காலியே உண்டு. இன்று காலை மருமகள் அதில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அது என் இடம்" என்று மட்டும் திருத்துநர் சொன்னாள். மருமகள் எழுந்து, மீதிக் காயை நின்றபடியே நறுக்கினாள். நாங்கள் நிற்காததா என்று நினைத்துக்கொண்டு திருத்துநர் உட்கார்ந்தாள்.

"இருபத்து மூணு பேர் ரிசல்ட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதப்போறேன். உங்க டியூஷனுக்கும் இதோட மூடுவிழாதான்."

"இந்த சர்டிபிகேட் இல்லன்னா அந்த நர்ஸை அடுத்த மாசம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, மிஸ். தப்பு பண்ணாதவங்க. அவங்க யாரையும் பார்த்து எழுதல. மனப்பாடம் பண்ணினாங்க."

"எத?"

"நான் சொல்லச் சொல்ல எழுதின நோட்ட. அதுல எதையும் மாத்த விடமாட்டேன். நான் படிச்சது அப்படி. ஒரு எழுத்து மாறினா பெஞ்சு மேல ஏறி நிக்கணும். பீரியட் முடியறவரைக்கும் நின்னிருக்கேன்."

"பெருமையா வேற சொல்றீங்க. சொந்த வாக்கியம்னு கேட்டா சொந்தமா எழுத வைக்கத் துப்பில்லாத டீச்சர். தன் வீட்டு அழுகையக் கொண்டுவந்து பிள்ளைங்க நோட்டுல கொட்டியிருக்கா. உங்களுக்குப் பாடம் எடுத்த அந்த மகராசி யாரு?"

டியூஷன்காரி தோள்பையிலிருந்து காக்கி அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை, அதுவாகவே திறந்துகொண்டது. திருத்துநரின் பக்கமாகத் திருப்பி, விடைத்தாள்களுக்கு மேல் வைத்தாள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளையின் குண்டு குண்டான எழுத்து. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. ரசோயீகர், பிரித்த சொல், வகை, அதன் கீழே அதே ஸ்டூல். திருத்துநர் சிவப்புப் பேனாவை மூடாமலே குனிந்தாள்.

டியூஷன்காரி காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த சிவப்பு டிக்குக்குப் பக்கத்துல இருக்கிறது உங்க கையெழுத்து, மிஸ்."