திறந்தவர் பட்டியல்

கட்டுரையின் ஐந்தாம் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிய வட்டம், பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகள். அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தபடியே பேராசிரியை நூலகத்துக்குள் நுழைந்தார். அதை எழுதிய மாணவி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தாள்.

பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. யார் எங்கிருந்து காப்பியடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு தடவைகூடத் தப்பாகப் பிடித்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"இது இவ எழுதினதே இல்ல சார். கதையைப் படிக்காம ஏதோ மெஷின்கிட்ட கேட்டு வாங்கியிருக்கா" என்றார் நூலகரிடம்.

விஷயம் இதுதான். கல்லூரி சந்தா கட்டும் இணைய இலக்கியத் தரவுத்தளத்தில் ஒரு சிறுகதை இருந்தது. அதைப் படித்து வகுப்பில் நாற்பது பேரும் கட்டுரை எழுத வேண்டும். கோபித்துக்கொண்டு போன அண்ணனுக்குத் தங்கை கடிதம் போடுகிறாள், அண்ணன் திரும்பி வருகிறான், குடும்பம் ஒன்று சேர்கிறது என்று முப்பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். இவள் மட்டும் தங்கை கடிதத்தைத் தபாலில் போடவே இல்லை என்று ஏழு பக்கத்துக்கு எழுதியிருந்தாள்.

பேராசிரியை தன் ஃபைலிலிருந்து அரைப்பக்கக் கதைச்சுருக்கம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. ஆறு வருடமாக இதை வைத்துத்தான் அந்தக் கதையை நடத்துகிறார், வகுப்புக்கும் இதைத்தான் நகலெடுத்துக் கொடுக்கிறார்.

அதற்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கான புகார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது போய்விட்டால் மாணவிக்கு இந்த வருடப் படிப்பு போச்சு. அவளுக்கும் அது தெரியும்.

"கதையில அப்படித்தான் மேடம் இருக்கு. போஸ்ட் ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவா. போட்டுட்டேன் போட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பா. கடைசிப் பக்கத்துல பார்த்தா லெட்டர் அவ பைக்குள்ளயேதான் இருக்கும்."

"அப்போ ஆறு வருஷமா நான் கதை விட்டுக்கிட்டிருக்கேனா?"

நூலகருக்கு மாணவியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதையைத் திறந்து பார்த்துவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"கதை எனக்குத் தெரியும் சார். இவ அதைத் திறந்தாளா இல்லையான்னுதான் எனக்குத் தெரியணும். யார் யார் திறந்தாங்கன்னு பட்டியல் வருமாமே, அதை எடுங்க."

வரும்தான் என்றார் நூலகர். கதைச்சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அது பதிவாகாது. முழுக்கதையைத் திறந்தால் மட்டும் பெயரும் தேதியும் விழுந்துவிடும். சந்தா கட்டிய நாள் முதல் இன்று காலை வரை திறந்தவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே விசைப்பலகையைத் தட்டினார்.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. நூலகர் அதை எடுப்பதற்குள் பேராசிரியை எட்டிப் பார்த்துவிட்டார். கண்ணாடியை மேஜையில் கழற்றி வைத்திருந்ததால் எழுத்து தெரியவில்லை. ஆனால் தாளில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்பது நன்றாகவே தெரிந்தது.

அவர் முகம் மலர்ந்தது. இந்தப் பெண்ணை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குச் சந்தேகம்தான். கேள்வி கேட்காத பிள்ளைகளையாவது அவர் நம்பிவிடுவார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கிறவர்களை நம்பவே மாட்டார்.

"பார்த்தீங்களா? ஆறு வருஷத்துல ஒரே ஆள்தான் திறந்திருக்கு. நடத்துறது நான், இந்தச் சுருக்கத்தை அதுலேர்ந்து எடுத்ததும் நான், அப்போ அது நான்தானே? இவ அந்தப் பக்கமே போகல. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

மாணவிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பேராசிரியை பேனா மூடியைத் திறந்து, புகாரின் அடியில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பேரைச் சத்தமா படிங்க சார். அவ காதுலயும் விழட்டும்."

நூலகர் தாளைப் பார்த்தார். மாணவியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இதுல உங்க பேர் இல்ல மேடம்."