மஞ்சள் ஜெர்சி

“ஜெர்சியக் கழட்டு, லட்சுமணா” என்றார் கஸ்தோன்.

இறுதி ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. ராயபுரத்து மைதானத்தின் மதில்மேல்கூட ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி சொக்கம்மாள் வியாசர்பாடியிலிருந்து எங்கள் தெருவையே கூட்டிக்கொண்டு நடந்து வந்திருந்தாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கோல்ல நான் நிக்கிறேன். நீ வெளிய இரு.”

கஸ்தோன் எங்கள் அணியின் மானேஜர். புதுச்சேரித் தமிழர், பிரெஞ்சுக் குடிமகன். மார்செய் துறைமுகத்தில் ஒரு கிளப்புக்கு ஒன்பது வருடம் கோல்கீப்பராக இருந்தவர். உலகச் சண்டை முடிந்ததும் கப்பலேறி வந்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எங்களைப் பொறுக்கியெடுத்து ஓர் அணியாக்கி, நாலே வருடத்தில், ஐம்பத்தொன்றில், இறுதி ஆட்டம்வரை கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான்.

எல்லாம் சரி. ஆனால் இப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. ஒரு முழங்கால் சரியாக மடங்காது.

எதிரே ஆடப்போவது எங்கள் குத்தகைக்காரரின் அணி. துறைமுகத்தில் எங்களுக்கு வேலை கொடுப்பவர். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மூட்டையின் எடையைக் குறைக்கச் சொல்லிப் பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். முன்னால் நின்றவன் நான். எடையைக் குறைத்தார். அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பினார்.

அவருடைய அணி ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பிப் போக வேண்டும். அந்த ஒன்றுக்காக ஒரு மாதமாகத் தூங்காமல் இருந்தேன். கஸ்தோனுக்கு அது தெரியும்.

“கெய்வனாயிட்ட. இன்னும் கப்பு ஆச வுடல இல்ல உனுக்கு?” என்றேன்.

எப்போதும் அவரை ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவோம். ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் கையை மட்டும் நீட்டினார். கோல்கீப்பரின் மஞ்சள் ஜெர்சியைக் கழற்றி அவர் முகத்தில் விட்டெறிந்தேன். குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. மதில்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றேன். நான் திட்டுவது ஒவ்வொன்றும் அவர் காதில் விழ வேண்டும் என்று அங்கே நின்றேன்.

முதலில் வந்த இரண்டு பந்தையும் பிடித்தார். அழகாகப் பிடித்தார். நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

குத்தகைக்காரரின் அணியில் அன்றைக்கு ஒரு புது ஆள் இறங்கியிருந்தான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆட, அவன் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தான்.

கஸ்தோன் விழுந்து பந்தை அணைத்துக்கொண்ட பிறகு அவன் வந்தான். பூட்ஸ் அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. நடுவர் வேறு பக்கம் பார்த்தார்.

இன்னொரு முறை வந்தான். அதே கை.

மூன்றாவது முறை எலும்பு முறிந்த சத்தம் வலைக்குப் பின்னால் எனக்கே கேட்டது.

நல்லா வேணும் என்று நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

ஆள் மாற்றுகிற வழக்கம் அப்போது கிடையாது. மீதி நேரமெல்லாம் ஒற்றைக் கையோடு நின்றார். இரண்டு கோல் உள்ளே போனது. தோற்றோம்.

விசில் ஊதியதும் உள்ளே ஓடினேன். அவர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. அதைப் பார்த்தும் என் வாய் அடங்கவில்லை.

“உன்னாலதான் தோத்தோம். நான் நின்னுகினு இருந்தா ஒண்ணு கூடப் போயிருக்காது.”

எங்கள் அணியின் மஜீது பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தான்.

“வாய மூடு மாமு. அந்தப் பூட்ஸுக்காரன் உன் மூஞ்சியப் பாத்ததே இல்ல. மஞ்ச ஜெர்சி போட்டவன் வலது கைய ஒடிக்கணும், அவ்ளோதான் குத்தகைக்காரன் அவனுக்குச் சொன்னது. ஆட்டத்துல ஒடஞ்சா கேசு கெடையாது பாரு. அவனுங்க டீம்ல ஒரு புதுச்சேரிப் பையன் கீறான். மனசு கேக்காம காலைல சர்ச்சு பூசையில இவராண்ட சொல்லிக்கிறான். எனுக்கே இப்பதான் சொன்னாரு.”

நான் கஸ்தோனைப் பார்த்தேன். கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. என் கையைப் பற்றி என்னிடம் சொல்லாமல் இவர் யார் முடிவு செய்வதற்கு?

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ ஆடியிருப்ப” என்றார்.

நானும் மஜீதும் அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் காலை துறைமுக வாசலில் ஆள் எடுத்தார்கள். குத்தகைக்காரர் ஆட்டத்துக்கு வந்திருக்கவில்லை. கோல்கீப்பருக்குக் கை முறிந்தது என்ற செய்தி மட்டும் அவருக்குப் போயிருக்கும். மேசைக்குப் பின்னால் தெம்பாக உட்கார்ந்திருந்தார்.

என் முறை வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தார். பிறகு இடது கையை. மறுபடியும் வலது கையை.

இரண்டையும் அவர் மேசைமேல் ஊன்றி நின்றேன்.