வில்ஃபின் ஷூ

"அப்பா, அந்தச் செங்கல்லை உடனே எடுங்க." டாம்சின் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"லூசாடி நீ? இப்பதான் பூசி முடிச்சேன். ஷூவை உள்ள வைக்கணும்னு நீதானே ஒத்தக்கால்ல நின்ன?"

அவள்தான் கேட்டாள். காட்டேஜின் வயதைக் கணிக்க வந்த மிஸஸ் பென்ரோஸ் உத்தரத்தில் துளை போட்டு, மரத்தின் வளையங்களை எண்ணி, நானூறு வருஷம் என்றார். புகைபோக்கிச் சுவருக்குள் கிடைத்த குழந்தை ஷூவையும் ஆராய எடுத்துக்கொண்டார். "புகைபோக்கி வழியா வர்ற கெட்ட ஆவி, சுவருக்குள்ள வச்ச ஷூவைக் குழந்தைன்னு நெனச்சு உள்ள பூந்து மாட்டிக்கும்னு அந்தக் காலத்துல நம்பினாங்க" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து புகைபோக்கிக்குள் ஏதோ சுரண்டியது. பயந்துபோன டாம்சின், தம்பி வில்ஃபின் பழைய ஷூவை அங்கே வைக்கச் சொன்னாள்.

"சுரண்டுற சத்தம் நின்னுடுச்சுல்ல? அப்புறம் என்ன?"

"உள்ள வில்ஃப் அழறான்ப்பா."

"அவன் உன் பின்னாடிதாண்டி நிக்கிறான்."

டாம்சின் திரும்பவில்லை. சுவருக்குள்ளிருந்து தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது. "அக்கா, இருட்டா இருக்கு. தெறந்து விடுக்கா."

முதுகுக்குப் பின்னாலிருந்து அதே குரல் மெதுவாகச் சொன்னது. "தெறக்காதக்கா."

இதில் எது வில்ஃப்?