சுவர் மூன்று மீட்டர்

மூடிப்போன டிவி ஸ்டேஷனிலிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய ஜூம் லென்ஸைப் புது கேமராவில் மாட்டினேன். ஊர் ஊராகக் கல்யாண வீடியோ எடுக்கும் என் பிழைப்புக்கு அது போதும். ஹால் சுவரை ஃபோகஸ் செய்தபோது லென்ஸில் தூரம் குறித்த வளையம் மூன்று மீட்டர் காட்டியது. டேப் வைத்து அளந்தாலும் அதேதான்.

சுவரை ஒட்டிய நாற்காலியில் மனைவியை உட்காரச் சொன்னேன். கலங்கலாகத் தெரிந்தாள். வளையத்தைத் திருப்பினேன். ஐந்து, பத்து, இருபது.

"அசையாம இரேன்."

"நான் எங்க அசைஞ்சேன்? நீங்க சொன்ன இடத்துலதானே இருக்கேன்."

நிலாவைப் படம் பிடிக்கும்போது மட்டும் போகிற கடைசிக் கோட்டில் வளையம் முட்டி நின்றது. திரையில் அவள் பளிச்சென்று தெரிந்தாள், கண்ணோர ஈரம்கூட.

அவள் உதடுகள் அசைந்தன. குரல் வந்து சேரத்தான் நேரமானது.

"இப்பவாவது தெரியுறேனா?"