கிளறாவின் பாலைவனப் பயணம்

"நீ மட்டும்தான் அமெரிக்காவிலை பாலைவனப் பூங்கா பாப்பியோ? நாங்களும் இப்ப காரிலை வந்து நிக்கிறம்!" என்று தங்கைக்குப் போனில் அளந்தாள் கிளறா. "கண்ணாடி முழுக்க மணல். உன்ரை அத்தான் வேர்த்து அரைவாசியாப் போனார்!"

"ஒட்டகம் கண்டனீங்களோ?"

"நாற்பது!" என்று பக்கத்திலிருந்து கத்தினார் கணவர் கிறிகோரி.

அப்போது ஒருவன் கார்க் கண்ணாடியைத் தட்டி, இத்தாலிய மொழியில் கேட்டான்: "காரை எடுக்கிறீங்களா? இந்த இடம் எனக்கு வேணும்."

பதினொரு நாள் சுற்றி, பலெர்மோவில் தன் வீட்டு வாசலிலேயே கிறிகோரி பிடித்த பார்க்கிங் இடம் அது. காரை எடுத்தால் அது பறிபோகுமென்று, திட்டமிட்ட பயணத்தையே கைவிட்டிருந்தார். கண்ணாடியிலிருந்த மணலை ஆபிரிக்கக் காற்று கடல்தாண்டிக் கொண்டுவந்து கொட்டியிருந்தது.

"அத்தான், ஆரது கதைக்கிறது?"

"பாலைவனத்திலையும் பார்க்கிங் கஷ்டம், மச்சாள்!"